வன்னி முதல் கல்மரம் வரை: கோலியனூரைச் சுற்றி எந்த மரத்தை எங்கே பார்க்கலாம்?

விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போனாலும் சரி, பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போனாலும் சரி, கோலியனூர் கூட்ரோட்டைத் தொடாமல் போவது கஷ்டம். அந்தச் சாலைகளுக்கு ஒரு காலத்தில் அடையாளமே இரண்டு பக்கமும் குடை பிடித்து நின்ற புளியமரங்கள்தான். அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, நம்பர் போட்டு, வருஷா வருஷம் புளியம்பழ மகசூலை ஏலம் விடுவார்கள். நான்கு வழிச்சாலைப் பணி வந்தபோது அந்த மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. இப்போது பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் நடுவே அரளிச் செடி, ஓரத்தில் வெயில்.

இதைப் பார்த்துவிட்டு "விழுப்புரம் பக்கம் மரமே இல்லை"ன்னு சொல்பவர்கள் உண்டு. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன் மலைக்காடுகளும் அந்தப் பக்கம் போய்விட்டதால், அந்தப் பேச்சு இன்னும் அதிகமானது. ஆனால் உண்மை வேற. கோலியனூரை மையமாக வைத்து சுமார் 50 கிலோமீட்டருக்குள் சுற்றினால் வறண்ட நிலத்து வன்னி, ஆற்றங்கரை மருது, கடலோர அலையாத்தி, உலகத்திலேயே குறைவான இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு அரிய காட்டின் மரங்கள், கடைசியாக 2 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரம் வரை பார்க்க முடியும். ஒரே ஒரு விஷயம், இவை வரிசையாகச் சாலையோரத்தில் நிற்காது. பெரும்பாலானவை கோயிலுக்குள்ளேயும், ஏரிக்கரையிலும், ஊருக்கு ஒதுக்குப்புறத்திலும் ஒளிந்திருக்கின்றன. எங்கே எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஊர்ப் பெயரே ஒரு மேப்

முதலில் ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். திண்டிவனம் என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம், திந்திரிணி வனம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. அங்கே உள்ள சிவன் கோயிலுக்கும் திந்திரிணீஸ்வரர் கோயில் என்றுதான் பெயர். அதாவது, புளியங்காட்டு ஊர்.

இதில் ஒரு சுவாரஸ்யம். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதுதான் தாவரவியலாளர்கள் சொல்வது. ஆனால் எப்போதோ இங்கே வந்து, ஒரு ஊருக்கே பெயர் கொடுக்கும் அளவுக்கு மண்ணோடு கலந்துவிட்டது. புளி இல்லாமல் நம்ம ஊர் குழம்பு இல்லை. எனவே "வெளிநாட்டு மரம்" என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கிவிட முடியாது. அது இங்கே வந்து என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

விழுப்புரம் நகருக்குள் மருதூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. மருதம் என்பது ஆற்றங்கரை, வாய்க்கால் கரை மரம். சிறுவந்தாடு பக்கம், நரசிம்மர் கோயிலால் பிரபலமான பூவரசன்குப்பம் இருக்கிறது. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத கிராமத்துக் குழந்தை முன்பெல்லாம் கிடையாது. அந்த மரத்துக்கும் ஒரு ஊர் இருக்கிறது. விக்கிரவாண்டி பக்கம் பனையபுரம், அன்னியூர் பக்கம் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோயில் உள்ள பனமலை. இரண்டிலும் பனை. மரக்காணம் போகும் வழியில் முருக்கேரி. முருக்கு என்றால் முள்முருங்கை என்ற கல்யாண முருங்கையும் ஆகும், பலாச மரமும் ஆகும். இரண்டுமே சிவப்பாகப் பூப்பவை.

ஊர்ப் பெயரில் இருக்கும் மரம் இன்றைக்கு அந்த ஊரில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல லீவு வேலை.

பனை: எங்கே, எப்போது?

பனையைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. கோலியனூர், வளவனூர், விக்கிரவாண்டி, வானூர், மரக்காணம் என எந்தப் பக்கம் போனாலும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும். ஆனால் பனையைக் கும்பிடும் இடம் பார்க்கணும்னா பனையபுரம் போகலாம். விக்கிரவாண்டி - கும்பகோணம் சாலையில், கோலியனூருக்கு வடக்கே இருக்கிறது. தேவாரத்தில் புறவார் பனங்காட்டூர் என்று பாடப்பட்ட தலம் இது. தல விருட்சமே பனைதான்.

பனையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. நுங்கு காய்ப்பது பெண் பனையில் மட்டும். ஆண் பனையில் விரல் விரலாக நீளமான பாளை வரும். இளம் மரத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பாளை விட ஆரம்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலேயே ஆகும். இன்றைக்கு வெட்டுகிற ஒரு பனைக்குப் பதிலாக இன்றைக்கே கொட்டை போட்டாலும், அதில் நுங்கு சாப்பிடுவதற்குள் நட்டவரின் பிள்ளை காலேஜ் போய்விடும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டை ஒட்டி, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இதனால்தான்.

நுங்கு சீசன் கோடைதான். செங்கல் சூளைக்கு வெட்டப்படும் பனைகளைப் பற்றிய புகார்கள் மட்டும் எல்லா சீசனிலும் வருகின்றன.

வன்னி மரமும் அதன் பொல்லாத சொந்தமும்

விழுப்புரத்தில் இருந்து செஞ்சி சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி, பம்பை ஆற்றுப் பக்கம் திருவாமாத்தூர் அபிராமேஸ்வரர் கோயில் இருக்கிறது. இங்கே தல விருட்சம் வன்னி. பலருக்கு வன்னி என்ற பெயர் தெரியும், விநாயகருக்கு வன்னி இலை போடுவது தெரியும், மரத்தைக் காட்டினால் தெரியாது. சின்னச் சின்ன இலை, வெடிப்பு விட்ட சொரசொரப்பான பட்டை, கிளையில் அங்கங்கே சின்ன முள், மெலிதாகத் தொங்கும் காய். ஆரவாரமே இல்லாத மரம்.

ராஜஸ்தானில் இதே மரத்தைக் கேஜ்ரி என்பார்கள். அந்த மாநிலத்தின் மாநில மரம் இது. 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட அரண்மனை ஆட்கள் வந்தபோது, பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தடுத்தார்கள். 363 பேர் உயிர் போனது. மரத்துக்காக உயிர் கொடுத்த வரலாறு என்று எப்போது பேசினாலும் முதலில் வரும் சம்பவம் இது.

இப்போது மறுபக்கம். நம்ம ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலம் இருக்கிறதே, அது வன்னிக்கு நெருங்கிய உறவு. தாவரவியலில் நீண்ட காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். ஒன்று கோயிலில் கும்பிடப்படுகிறது. இன்னொன்றை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது.

குழப்பம் இங்கே முடியவில்லை. சீமைக் கருவேலத்தை அகற்றுகிறோம் என்று கிளம்புபவர்கள், தெரியாமல் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடும் ஆபத்து உண்டு. நாட்டுக் கருவேலம் ஏரிக்குள் கொக்கும் நாரையும் கூடு கட்டும் மரம். ஏர், வண்டிச் சக்கரம் செய்ய உதவிய மரம். இரண்டையும் பிரித்துப் பார்க்க சுலபமான வழி, பூவையும் காயையும் பார்ப்பது. நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் பூ கோலி உருண்டை மாதிரி இருக்கும். காய் மணிமாலை கோத்த மாதிரி இடைவெளி விட்டு இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தில் பூ, விரல் நீளக் கதிராகத் தொங்கும். காய் நேராக, பழுத்தால் வெளிர் மஞ்சளாக இருக்கும். ஆடு, மாடு அந்தக் காயைத் தின்று சாணியோடு விதையைப் போடும். அந்த மரம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று.

ஏரிக்கரை, வாய்க்கால் கரை

விழுப்புரம் நகரத்தைத் தொட்டு வரும் கோலியனூரான் வாய்க்கால் பெயரை மழைக்காலத்தில் செய்திகளில் கேட்டிருப்பீர்கள், பெரும்பாலும் ஆக்கிரமிப்பு, தூர்வாரல் என்ற வார்த்தைகளோடு. இப்படிப்பட்ட வாய்க்கால், ஏரிக்கரைகளில்தான் ஒரு காலத்தில் மருது, புங்கன், நாவல், இலுப்பை, நுணா எல்லாம் வரிசையாக நின்றன. கரை மண்ணைப் பிடித்து வைப்பது அவற்றின் வேர்தான் என்பது விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்றும் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய கிராமங்களில் நீர்மருதைப் பார்க்கலாம். பட்டை வெளிர் சாம்பல் நிறத்தில் வழவழன்னு உரிந்து வரும்; காயில் ஐந்து பக்கமும் விசிறி மாதிரி இறக்கை இருக்கும். நீர்மருது தெரியாதவர்கள் அந்தக் காயை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இலுப்பை பூக்கும் நேரம் மார்ச், ஏப்ரல். விடியற்காலையில் மரத்தடியில் வெளிர் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டையாகக் கொட்டிக் கிடக்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்ற பழமொழி சும்மா வந்ததில்லை, வாயில் போட்டால் இனிக்கும். வௌவாலுக்கும் இது தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை புரண்டு, விழுப்புரம் மாவட்டமே மிதந்தது. அப்படி ஒரு வெள்ளத்துக்கு மரம் மட்டும் தடுப்பு ஆகிவிடாது. ஆனால் வேர் பிடித்த கரையும் வெறும் மண் கரையும் ஒரே மாதிரி நிற்காது.

புத்துப்பட்டு: கட்டாயம் பார்க்க வேண்டிய காடு

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்றால், அது கீழ்ப்புத்துப்பட்டுதான். புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே, மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது. இங்கே உள்ள மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல குடும்பங்கள் குலதெய்வம் கும்பிட வருகின்றன. மொட்டை அடித்து, பொங்கல் வைத்து, கிடா வெட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கோயிலைச் சுற்றி இருப்பது சாதாரணத் தோப்பு இல்லை என்பது அதில் பலருக்குத் தெரியாது.

இந்தக் காட்டு வகைக்குப் பெயர் வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு. பெயரே முரணாக இருக்கிறது இல்லையா? வறண்ட இடம் என்றால் கோடையில் இலை உதிர வேண்டும். பசுமைமாறாக் காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி மழை கொட்ட வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் அடித்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வெயில். அப்படியும் இந்த மரங்கள் இலையைக் கொட்டாது. தோல் மாதிரி தடித்த, பளபளப்பான சின்ன இலைகளில் தண்ணீரைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு மே மாதத்திலும் பச்சையாக நிற்கும். உயரம் அதிகமில்லை, பெரும்பாலும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டட அளவுதான். ஆனால் உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும். கை தடிமனில் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும்.

சோழமண்டலக் கடற்கரையிலும் இலங்கையின் வடக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும் மட்டும் காணப்படும் காடு இது. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் இருவரும் 1968-ல் வெளியிட்ட பட்டியலில் இதற்குத் தனி எண்ணே உண்டு. 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஸ்கோ, லெக்ரி ஆகியோர் 1973-ல் மரக்காணம், கோடியக்கரை காடுகளைப் பற்றி எழுதினார்கள். பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புத்துப்பட்டுக் காட்டின் மரங்களையும் கொடிகளையும் அளந்து எண்ணிப் பதிவு செய்தார்கள். உலக அளவில் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் காடு இது. ஆனால் ஈ.சி.ஆரில் காரில் போகிறவர்கள் டீ குடிக்கக்கூட அங்கே நிறுத்துவதில்லை.

இந்த வகைக் காட்டில் எந்தெந்த மரங்களைத் தேடலாம்? முதலில் வீரை. கரும்பச்சை இலை; அடிமரம் பள்ளமும் மேடுமாக முறுக்கேறி, வயதான ஆளின் கை நரம்பு மாதிரி இருக்கும். அடுத்தது காயா என்றும் காசா என்றும் சொல்லப்படும் மரம். திருமாலின் நிறத்துக்கு உவமையாகப் பக்தி இலக்கியத்தில் அடிக்கடி வரும் காயாம்பூ இதன் பூதான். பூக்கும்போது கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலம் அப்பிய மாதிரி இருக்கும். அந்தச் சில நாட்கள் வாய்த்தால் அதிர்ஷ்டம். பிறகு பாலை, உலக்கைப் பாலை என்றும் பெயர். உலக்கை செய்யும் அளவுக்கு உறுதியான மரம், ஆனால் பழம் சின்னதாக, மஞ்சளாக, தித்திப்பாக இருக்கும். இவற்றோடு நெய்க்கொட்டான், வெட்பாலை, உசிலை, மகிழம், நாவல்.

கருங்காலியும் இந்தக் காடுகளின் மரம்தான். கருங்காலி மாலை சோஷியல் மீடியாவில் டிரெண்ட் ஆன பிறகு இந்தப் பெயரைத் தெரியாத ஆளில்லை. ஆனால் அந்த மரம் மிக மெதுவாக வளரும், உள்ளே கறுப்பு வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதை யாரும் ரீல்ஸில் சொல்வதில்லை. கடைகளில் தொங்கும் அத்தனை மாலைக்கும் கருங்காலி எங்கிருந்து வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. இதே காட்டில் எட்டி மரமும் உண்டு. ஆரஞ்சு நிறத்தில், சின்ன ஆரஞ்சுப் பழம் மாதிரியே உருண்டையாகப் பழுக்கும். அதன் கொட்டையில் உள்ளது கொடிய விஷம். எட்டி பழுத்தாலென்ன என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தரையில் கிடக்கும் எந்தப் பழத்தையும் எடுக்க விடாதீர்கள்.

இந்தக் காட்டுக்குப் பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. வவுனியா, மன்னார் பக்கத்துக் காடுகளிலும் இதே பாலையும் வீரையும்தான் நிற்கின்றன; பெயரும் அதே பெயர்தான். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இங்கே மரம் மட்டும் அந்நியமாக இருந்திருக்காது.

இந்தக் காடு எப்படித் தப்பியது?

வேலி போட்டதால் இல்லை. சாமி காடு என்பதால். கோயில் காட்டில் இருந்து ஒரு சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, எடுத்தால் அய்யனார் சும்மா விட மாட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக இருந்த நம்பிக்கை. சுற்றியுள்ள காடெல்லாம் வயலாகவும் முந்திரித் தோப்பாகவும் சவுக்குத் தோப்பாகவும் மாறியபோது, அய்யனாரைச் சுற்றியிருந்த துண்டு மட்டும் பிழைத்தது. விழுப்புரம், புதுச்சேரி, கடலூர் பகுதிகளில் இந்தக் காட்டின் மிச்சம் பெரும்பாலும் இப்படி அய்யனார், அம்மன் கோயில்களைச் சுற்றித்தான் கிடைக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இப்போது அதே கோயிலுக்குள் இருந்துதான் நெருக்கடி வருகிறது. சாமிக்கு மவுசு கூடினால் மண்டபம் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், சமைக்கக் கொட்டகை வேண்டும், தரைக்கு டைல்ஸ் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு மரம், ஐந்து மரம் என்று காடு ஓரத்தில் இருந்து கரையும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கோயில் திருப்பணி என்றுதான் செய்கிறார்கள். கூடவே பிளாஸ்டிக் தட்டு, பாட்டில், அடுப்புப் புகை.

போனதைத் திரும்ப நட்டுவிட முடியாதா? கன்று நடலாம், காடு வராது. வீரையும் கருங்காலியும் வளர எடுக்கும் காலம் ஒரு பக்கம். இந்த மரங்களின் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் பறவை, வௌவால், மரநாய் எல்லாம் அந்தத் துண்டுக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன. துண்டு ஒரு அளவுக்குக் கீழே சுருங்கினால் அவை போய்விடும். அதன் பிறகு நிற்பது வயதான மரங்கள் மட்டும்தான்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. கோயில் காடுகளில் பல, வனத்துறைப் பதிவேட்டில் காடாகவே இருக்காது. 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தானின் ஓரண் எனப்படும் கோயில் காடுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பைக் கொடுத்தது. அந்தக் காடுகளைக் களத்திலும் செயற்கைக்கோள் மூலமும் அளந்து வரைபடமாக்க வேண்டும், பரப்பு சின்னதாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது என்று அந்த மாநில அரசுக்கு உத்தரவிட்டது. நாடு முழுக்கக் கோயில் காடுகளைக் காக்க ஒரு கொள்கை வகுக்குமாறு மத்திய அரசுக்கும் பரிந்துரை செய்தது. புத்துப்பட்டு மாதிரி இடங்களுக்கு அது எப்போது வந்து சேரும் என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

ஆரோவில்: நட்டு வந்த காடு

புத்துப்பட்டு தானாக மிஞ்சிய காடு என்றால், ஆரோவில் மனிதர்கள் நட்டு உருவாக்கிய காடு. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேடு முழுக்கச் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து சிவப்பு ஓடையாகக் கடலுக்கு ஓடும். முதலில் வரப்பு கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு எந்த மண்ணிலும் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியா மாதிரி மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில்தான் உள்ளூர் மரங்கள் மெல்ல மெல்ல வந்தன. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புதுச்சேரி என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, ஆரோவில்லில் அகேசியா மரங்கள் பெரிய அளவில் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போய், விவசாயிகள் வருஷக்கணக்கில் மீள முடியாமல் தவித்ததும் அதே புயலில்தான். குட்டையாக, வேர் ஆழமாக, காற்றோடு பழகிய நாட்டு மரங்களின் அருமை அப்போது பேசப்பட்டது.

மரம் அடையாளம் கற்க நினைப்பவர்கள் ஆரோவில் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். புத்துப்பட்டில் பார்க்கும் மரங்களை இங்கே தனித்தனியாக நின்று பார்க்க முடியும். ஆலமரம் பார்க்கணும்னா மாத்ரிமந்திர் பக்கத்தில் விழுது ஊன்றி நிற்கும் அந்தப் பெரிய ஆல் போதும். அதைத்தான் ஆரோவில்லின் நடுமையமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

மரக்காணம், கழுவெளி

மரக்காணம் பக்கம் போனால் உப்பளம், பனை, சவுக்கு. சவுக்கு ஊசி இலை மரம் மாதிரி தெரிந்தாலும் பைன் குடும்பம் இல்லை. கடற்கரை மணலில் ஊன்றும், சில வருஷத்தில் வெட்டிக் காசாக்கலாம் என்பதால் விழுப்புரம், கடலூர் விவசாயிகளுக்கு இது மரம் என்பதைவிடப் பயிர்.

2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு கொண்ட உவர்நீர்ப் பரப்பு. இது கடலைத் தொடும் கழிமுகப் பக்கம் அலையாத்திச் செடிகளைப் பார்க்கலாம். சேற்றில் இருந்து பென்சில் நட்டது மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருப்பது அதன் மூச்சு வேர்கள். அலையாத்தி என்றதும் பிச்சாவரத்துக்குப் போகத் தோன்றும். அந்த அளவு இங்கே கிடையாது, எதிர்பார்த்துப் போக வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் மரத்தோடு பறவையும் கிடைக்கும்.

செஞ்சி பக்கம் பாறை மலை. கோட்டை ஏறும்போது சுற்றிலும் தெரிவது இலையுதிர் வகை முள்காடு. ஜூன் மாதத்தில் போனால் குச்சியாகத் தெரியும்; நவம்பரில் போனால் அதே மலையா என்று கேட்கும் அளவுக்குப் பச்சையாக இருக்கும்.

திருவக்கரை: 2 கோடி ஆண்டு மரம்

வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் கூடும் திருவக்கரையில், கோயிலில் இருந்து கொஞ்ச தூரத்தில் கல்மரப் பூங்கா இருக்கிறது. மயிலம் - புதுச்சேரி சாலையில் பெரும்பாக்கம் வழியாகப் போகலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் இது.

முதலில் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். யாரோ அறுத்துப் போட்ட மரக்கட்டைகள் அங்கங்கே கிடப்பது போலத் தெரியும். குனிந்து தொட்டால் கல். மரத்தின் ரேகை, கணு எல்லாம் அப்படியே இருக்கும். சிலவற்றில் வளையங்கள்கூடத் தெரியும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு துகளின் இடத்திலும் சிலிக்கா உட்கார்ந்து கல்லான மரங்கள் இவை. வெள்ளத்தில் வந்தவை என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஒன்றில்கூடக் கிளையோ இலையோ வேரோ இல்லை. வழியிலேயே எல்லாம் ஒடிந்து, நடுமரம் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1781-ல் சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் முதலில் இதைப் பற்றி எழுதினார்.

ஊசியிலை மரங்களோடு, இன்றைய மருது குடும்பத்தையும் புளி வகையையும் சேர்ந்த மரங்களும் இந்தக் கற்களில் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவில் இருந்து வந்து திண்டிவனத்துக்குப் பெயர் கொடுத்த புளிக்கு, பக்கத்து ஊரில் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய சொந்தக்காரர் கல்லாகக் கிடக்கிறார். இங்கிருந்து சின்னத் துண்டு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. சட்டப்படி தவறு.

போகும்போது, நடும்போது

பூ பார்க்க வேண்டும் என்றால் மார்ச் முதல் ஜூன் வரை. சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குவது ஏப்ரல், மே மாதங்களில். காட்டின் பச்சையைப் பார்க்க டிசம்பர், ஜனவரி. கோயில் காட்டுக்குள் பாதையை விட்டு இறங்கினால் பாம்பு உண்டு. கோயில் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. இலையைப் பறிக்காமல் போட்டோ எடுத்தாலே அடையாளம் காணலாம். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பட்டை, பூ அல்லது காய் என நாலு படம் இருந்தால் போதும்.

வீட்டில் நட விரும்புபவர்கள் இடத்தைப் பார்த்து மரத்தை எடுங்கள். சின்ன வாசல் என்றால் மகிழம், புங்கன், பூவரசு. மின்கம்பிக்குக் கீழே எதையும் நட வேண்டாம். வருஷா வருஷம் வெட்டித்தான் தீர்ப்பார்கள். ஏரிக்கரை என்றால் பனங்கொட்டை, மருது, நாவல். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்காக வனத்துறை நாற்றங்கால்கள் கன்றுகள் வளர்க்கின்றன. மழைக்கு முன்பு, செப்டம்பரிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அக்டோபரில் நட்டால் முதல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றும் வேலையை மழை பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் முதல் இரண்டு கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்த எண்ணிக்கையில் கன்று வாங்குங்கள்.